பின்னால் நடந்து வழி சொன்னவளுக்கு

என் ஆசை மச்சாள் ராகினிக்கு,

நீ இருக்கும் இடத்தில் இப்போது என்ன காலமோ தெரியாது. இங்கே லண்டனில் கோடை என்று பெயர். காலையில் மழை, பின்னேரம் வெயில், படுக்கப் போகும்போது ஹீற்றர். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இந்த வருடமும் மிளகாய்க்கன்று வைத்திருக்கிறேன். காய்க்கும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு, இவருக்கு இல்லை.

இவர் என்றால் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தமிழ்க்கடையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு அவர்களாக ஒரு கதை கட்டுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. இவர் உன் தமையன், என் புருஷன். அண்ணை என்று நான் சொல்வது என் தமையனை, உன் புருஷனை. மாற்றுச் சம்பந்தம் செய்த குடும்பத்தின் உறவுமுறையைப் பிறத்தியாருக்கு விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். உங்கள் வீட்டில் ஒரு ஆண் ஒரு பெண், எங்கள் வீட்டிலும் அப்படியே. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிக் கொடுத்து எடுத்தார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவதென்றாலும் ஒருத்தி வீட்டுக்குத்தான் மற்றவள் போக வேண்டும் என்று நீ சொல்லிச் சிரிப்பாய்.

உன் மகள் துளசி இப்போது என்னைவிட உயரம். என் ஆரணி அவளுக்குப் பின்னால் வால் மாதிரித் திரிகிறாள். துளசிக்கு நான் மாமி. அம்மா என்று கூப்பிடும்படி ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. தலை இழுத்துவிடும்போது ஒழுங்காக ஏச்சு வாங்குகிறாள், அதில் நான் குறை வைக்கவில்லை. உன் சுருட்டை மயிர் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. வேறு ஏதாவது நல்லதாகக் கொடுத்திருக்கக்கூடாதா நீ?

உனக்குச் சொல்ல ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. அண்ணை மறுபடியும் கலியாணம் செய்ய விரும்புகிறார். அது நடக்குமா நடக்காதா என்பது உன் தமையனின் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்கிறேன், ஆனால் முதலில் கொஞ்ச தூரம் நடப்போம். பெரிய கதைகளை நடந்துகொண்டு கதைத்தால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று நீதானே சொன்னாய்?

இத்தாலியில், பொலோஞ்ஞாவுக்குத் தெற்கே அந்த மலையடிவாரத்து மாட்டுப்பண்ணை வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் மணம்தான் வருகிறது. கீழ்த்தட்டில் நீங்கள், மேல்தட்டில் நாங்கள். ஆண்கள் இரண்டு பேரும் விடியமுன் எழும்பிப் பால் கறக்கப் போவார்கள். வந்து குளித்தாலும் மாட்டு மணம் போகாது. சாப்பிட்டுப் படுத்துவிட்டுப் பின்னேரம் மறுபடியும் கறவைக்குப் போவார்கள். நடுவில் நாம் இரண்டு பேரும், நம் இரண்டு குழந்தைகளும், காயாத துணிகளும். பாண் ரொட்டி விற்கிற வான் வந்து ஹோர்ன் அடித்தால் நீ படியால் ஓடி இறங்குவாய். மாதத்துக்கு ஒருமுறை நகரத்துக்குப் போய் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் வாங்கிக்கொண்டு வருவோம். அந்த நாளில் மட்டும் புட்டும் சம்பலும் ஒரு விருந்து மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடை உன் கண்டுபிடிப்பு. பண்ணைக்காரர் குடும்பம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வயல் ஒழுங்கை வழியே காற்றாட நடப்பதை நீ ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த ஞாயிறு நாங்களும் போகிறோம் என்றாய். அண்ணை எங்கே போகிறோம் என்று கேட்டார். ஒரு இடத்துக்கும் இல்லை என்றாய். உடனே அவருக்குக் குழம்பிவிட்டது.

"ஒரு இடத்துக்கும் இல்லையெண்டால் பிறகேன் போறம்?"

பாவம் அவர். எங்கள் ஊரில் வேலை இல்லாமல் தெருவில் நடக்கிற ஆம்பிளையைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு வெறும் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். யாராவது பார்த்தால் கடைக்குப் போகிறோம் என்று நினைக்கட்டுமாம். வயலுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமையில், எந்தக் கடை? நீ சிரித்துச் சிரித்து பிள்ளைகளின் தள்ளுவண்டிலை விட்டுவிட்டாய், அது இரண்டு பிள்ளைகளோடும் சரிவில் உருளத் தொடங்கி நான் ஓடிப் பிடித்தேன். நீ அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றாய்.

வசந்தம் வந்தால் அந்த ஒழுங்கையே வேறு. முதலில் செரி மரங்கள் வெள்ளையாகப் பூக்கும். பிறகு வேலியோரம் காட்டு அஸ்பராகஸ் முளைக்கும், அண்ணையின் பைக்கும் ஒரு வேலை வரும். அதற்குப் பிறகு கோதுமைக்குள் சிவப்புச் சிவப்பாகப் பொப்பிப் பூக்கள். சந்தியில் இருக்கும் சின்ன மாதா சொரூபத்துக்கு நீ ஒரு பூ வைத்துவிட்டுத் திருநீறு தேடுவாய். ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே போவார்கள். கறக்காமல் உதைக்கிற மாட்டைப் பற்றியும் நாட்டுப் பிரச்சினையைப் பற்றியும் ஒரே குரலில் கதைப்பார்கள். நாம் சேற்றில் சில்லுப் புதையும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவோம். பாதை பிரியும் இடங்களில் நீ பின்னால் இருந்து, "இடப்பக்கம்!" என்று கத்துவாய். அவர்கள் திரும்பிப் பார்க்காமலே திரும்புவார்கள்.

அகத்திக்கதையை நான் இங்கே எழுதாவிட்டால் அண்ணை கோபிப்பார். நீ ஏகாதசி விரதம் இருந்த வருடம் அது. மறுநாள் விரதம் முடிக்கிற பாறணைக்கு அகத்தி இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு நடந்தவள், ஓடைக்கரையில் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கிய மரத்தைக் கண்டதும், "வதனி, அகத்தி!" என்று என் கையை உலுப்பினாய். இலை வேறு மாதிரி இருக்கிறதே என்றேன். குளிர் நாட்டில் அகத்தி இப்படித்தான் இருக்கும் என்று சட்டம் பேசினாய். அண்ணையின் பை நிறைய இலை உருவிக்கொண்டு வந்து மறுநாள் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தாய். பின்னேரக் கறவைக்குப் போக வேண்டும் என்று அண்ணை எல்லாருக்கும் முந்திச் சாப்பிட்டார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அண்ணை முற்றத்தில் குந்தியிருந்து குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தார். பண்ணைக்காரரின் மனைவி ஓடிவந்து சட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அது அகத்தியே இல்லையாம். அந்த மரத்தில் பூவைத்தான் தின்னலாம், இலை நஞ்சு. அன்றைக்கு இவர் தனியாக நின்று எல்லா மாட்டையும் கறந்துவிட்டு வந்து உன்னை ஏசின ஏச்சு! நீ அசையவில்லை. அடுத்த ஞாயிறு அதே மரத்துக்குப் போய்ப் பூவை மட்டும் பறித்து வந்து, கடலைமாவில் தோய்த்துப் பொரித்தாய். அண்ணை தட்டைத் தொடமாட்டேன் என்றார். நீ அங்காலே திரும்பியதும் அரைத்தட்டைக் காலி செய்தார். என்னைக் கொல்லப் பார்த்தவள் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் உன்னை அறிமுகம் செய்தார். இவ்வளவு பெருமையாக ஒரு மனுசன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

துளசிக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில் நோய் வருத்தம் வந்து நீ போய்விட்டாய். அதை நான் எழுதப்போவதில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதோடு ஞாயிற்றுக்கிழமை நடையும் நின்றது. இத்தாலியக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் எல்லாரையும் போல நாங்களும் பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்பு என்று சொல்லிக்கொண்டு லண்டனுக்கு வந்தோம். இவர் ஒரு கடையை எடுத்து நடத்துகிறார். அண்ணை டைல்ஸ் பதிக்கப் பழகி, இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி அவரும் துளசியும் இருக்கிறார்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வந்த நாளிலிருந்து அவர் நடக்கவேயில்லை. தெருமுனைக் கடையில் பால் வாங்கவும் டைல்ஸ் ஏற்றுகிற வானை எடுப்பார். முழங்கால் நோகிறது என்பார். டைல்ஸ் வேலை செய்கிறவருக்கு முழங்கால் நோகும்தான், நானும் கேட்டதில்லை.

இந்த வசந்தத்தில் வான் வாசலிலேயே நிற்கத் தொடங்கியது. பின்னேரங்களில் அண்ணையைக் காணவில்லை. ஒருநாள் குட்மேய்ஸ் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு மனுசி பக்கத்தில் வந்து, உங்கள் அண்ணை பூங்காவில் ஒரு பெண்ணோடு நடக்கிறார் போலிருக்கிறதே என்று மெல்லக் கேட்டாள். எங்கள் அண்ணை நடக்கமாட்டார், அவருக்கு முழங்கால் வருத்தம் என்று பட்டென்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து துளசியிடம் கேட்டால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளும் சில நாள் கூடப் போயிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க அழுவீங்கள் எண்டு நினைச்சன், மாமி" என்றாள். நான் அழவில்லை. சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் கோமதி. மலேசியாவில் ஈப்போக்காரி. இங்கே படிக்க வந்து, கவுன்சில் ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறாள். இன்னும் கலியாணம் செய்யவில்லை. அண்ணை அவளுடைய குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கப் போனவர். வேலை முடிந்த பிறகும் ஏதோ ஒரு டைல் சரியில்லை என்று போய்க்கொண்டிருந்திருக்கிறார். உன் புருஷன் பதித்த டைல் சரியில்லாமல் போகுமா? நீயே சொல். அவளிடம் கார் இல்லை, எங்கேயும் நடந்துதான் போவாள். அதனால் அண்ணையும் நடந்தார்.

ஒரு சனிக்கிழமை அவளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டேன், உனக்காக. வந்து இருந்தவள் அலுமாரிக்கு மேலே இருந்த உன் படத்தை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பொரித்த பூத்தட்டோடு நீ நிற்கும் படம். கனநேரம் பார்த்துவிட்டு, "குறும்புக்காரங்க போல இருக்கே. இவங்க இருந்திருந்தா நமக்குச் சரியா ஒத்துப் போயிருக்கும்" என்றாள். நீ போன பிறகு எல்லாரும் உன்னைக் கோவில் சிலை மாதிரி ஆக்கிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் உன்னைச் சரியாகப் பார்த்தாள். எனக்கு அவளில் கோபமும் வந்தது, பிடித்தும் போய்விட்டது.

இவருக்குத்தான் அதைத் தாங்க ஏலவில்லை. கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அண்ணை சாப்பிட வரும் நேரம் பார்த்துக் கடையில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார். கடைசியாக ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அவர் செய்யட்டும். நான் மறிக்கேல்லை. ஆனால் நான் தோழனாய் நிக்க மாட்டன்."

இங்கேதான் மாற்றுச் சம்பந்தத்தின் வில்லங்கம் இருக்கிறது. எங்கள் கலியாணத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தோழன் நிற்க வேண்டும். மாப்பிள்ளையைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போவது அவன்தான். அது மச்சான் முறைக்காரன் செய்கிற காரியம். உன் கலியாணத்தில் பொம்பிளையின் தமையன் என்று இவர் நின்றார். இப்போது மாப்பிள்ளையின் தங்கை புருஷன் என்று மறுபடியும் இவர்தான் நிற்க வேண்டும். தன் தங்கைக்காகப் பிடித்த அதே கையை இன்னொருத்திக்காகவும் பிடிக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றதை நான் எப்படிப் பிழை என்பேன்?

அண்ணை அதைக் கேட்டுவிட்டு, வேறு ஆள் தேட மாட்டேன் என்றார். "மச்சான் வராட்டில் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்றார். கோமதியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அவள் இன்னொரு சுற்று நடப்போமா என்று மட்டும் கேட்டாளாம். ஈப்போவில் அவளுடைய அம்மா கோவிலில் தாலி கட்டுவதைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தார். துளசி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். இரண்டு கிழமையாக வீட்டில் எல்லாரும் மெதுவாகவே கதைத்தோம்.

மே மாத ஹாஃப் டேர்ம் லீவுக்கு இத்தாலிக்குப் போவோம் என்று சொன்னது உன் மகள். அம்மா நடந்த ஒழுங்கையைப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு யார் மறுப்பது? கோமதி தான் வரவில்லை என்று அவளாகவே சொல்லிவிட்டாள். நாங்கள் ஐந்து பேரும் மலிவு விமான ரிக்கெற் எடுத்துக்கொண்டு போனோம்.

பண்ணைக்காரரின் மனைவி இருக்கிறார், நன்றாகக் கிழண்டிப் போனார். துளசியின் தலைமயிரைத் தடவிக்கொண்டு உன் பெயரை அதே பழைய மாதிரிப் பிழையாகச் சொன்னார். மத்தியானம் பாஸ்தா தந்தார். சாப்பிட்டு முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே எல்லாரும் காலில் சப்பாத்தைப் போட்டோம்.

பொப்பி எல்லாம் பூத்திருந்தது, மச்சாள். காற்று நல்ல இளஞ்சூடு. ஆண்கள் முன்னால் போனார்கள், ஆனால் ஒழுங்கையின் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு பக்கமாக. பிள்ளைகளும் நானும் பின்னால். மாதா சொரூபம் தாண்டி பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புத்தியில் ஓடி வெளித்தது. இத்தனை வருடமும் முன்னால் நடந்த இந்தப் பெரிய மனிதர்களுக்கு வழியே தெரியாது! நீ பின்னால் இருந்து சொல்லச் சொல்ல நடந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் சரியாக ஞாபகமில்லை. துளசி தன்பாட்டில், "இடப்பக்கம்!" என்று கத்தினாள். எங்கேயோ கேட்டது மாதிரி அவர்கள் உடனே திரும்பி நடந்தார்கள். பிழையான பாதை. கொஞ்ச தூரத்தில் ஓடை குறுக்கே வந்தது, பாலமும் இல்லை, கல்லும் இல்லை. திரும்பிப் போக ஒருவருக்கும் மனமில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தோம். பிள்ளைகள் தண்ணீருக்குள் பாய்ந்து சிரித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள்.

அண்ணை கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினவர், நடு ஓடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இவர் கரையில் நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போய் அண்ணையின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு மூன்று அடி வைத்தார்கள். அங்கே வைத்து இவர் கேட்டார்.

"மச்சான், நாள் வைச்சாச்சோ?"

"நீ வராமல் என்னெண்டு வைக்கிறது?"

"வாறன்" என்றார் இவர். "ஆவணியிலை வை. எனக்குக் கடைக்கு ஆள் பிடிக்க வேணும்."

அண்ணை நடு ஓடையில் நின்று அழுதார். இவர் கையை விடவில்லை. கால் விறைக்குது, வெளியிலை வந்து அழு என்று ஏசிக்கொண்டே கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் இக்கரையில் நாலு சப்பாத்தோடு நின்றேன். அந்த நேரம் நீ என் பக்கத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. பொய் சொல்லவில்லை, மச்சாள்.

ஆவணியில் லூயிஷாம் சிவன் கோவிலில் கலியாணம். துளசி மஞ்சள் பாவாடை தாவணி கேட்டிருக்கிறாள். ஆரணிக்கும் அதே நிறம்தான் வேண்டுமாம், இல்லாவிட்டால் வரமாட்டாளாம். இவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று துவாயைத் தலைப்பாகையாகக் கட்டிப் பார்க்கிறார், நான் வந்தால் தலை துடைப்பது போல நடிக்கிறார். தோழி நான். கோமதிக்குக் கூறை உடுத்திவிட வேண்டியதும் நான். உனக்கு உடுத்திவிட்டபோது கொய்யக மடிப்பு சரியாக வரவில்லை என்று நீ மணவறையில் இருந்துகொண்டே எனக்குக் கண்ணை உருட்டினாய். இந்த முறை சரியாக மடிப்பேன். உனக்கு எரிச்சல் வந்தால் வரட்டும்.

போன கிழமை கோமதி என்னைக் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் என்னை என்னான்னு கூப்பிடுவீங்க?" எங்கள் பக்கத்தில் தமையன் பெண்சாதியை அண்ணி என்றும் கூப்பிடுவார்கள், மச்சாள் என்றும் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். உங்களுக்கு எது வருதோ அப்படிக் கூப்பிடுங்க என்றாள். நான் யோசிக்கவேயில்லை.

அவளை அண்ணி என்று கூப்பிடுவேன், ராகினி. மரியாதையாக, மனதாரக் கூப்பிடுவேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன். அண்ணையைச் சிரிக்க வைத்தவள் அவள், எனக்கு அது போதும். ஆனால் அண்ணையின் வீட்டு வாசலில் நின்று, "மச்சாள், வீட்டிலை நிக்கிறியே?" என்று உன்னைக் கூப்பிட்ட அந்தக் கூப்பாட்டை இனி ஒருத்திக்கும் கொடுக்க மாட்டேன். அது உன்னோடேயே இருக்கட்டும். இது சத்தியம்.

உன் புருஷனின் தங்கை, உன் தமையனின் பெண்சாதி,
எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் உன் மச்சாள்,
வதனி